அழகர்கோயிலில் ஒரு ஒத்திகை

என் சித்தி மகன் வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கோயில் சுற்றிக் காட்டும் வேலையில் புதிதாக இறங்கியிருக்கிறான். மீனாட்சியம்மன் கோயிலில் ஒரு நிமிடம் அண்ணாந்து நின்றால் பின்னால் வருகிற கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விடும். ஒத்திகைக்கு அழகர்கோயில்தான் தோது என்று என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டான். மதுரையிலிருந்து 21 கிலோமீட்டர்.

கல்யாண மண்டபத்தில் நரசிம்மர், வராகர், மன்மதன், ரதி என்று நாயக்கர் காலத் தூண் சிற்பங்கள். வருகிறவர்கள் கண் அங்கேயே நின்றுவிடும். இவன் சிக்கல் அதற்கும் மேலே, தூணின் உச்சியில் கை நீட்டி உத்திரத்தைத் தாங்குகிற போதிகையில். அதை ஆங்கிலத்தில் என்னவென்று சொல்வது?

“அண்ணே, இதை கேபிடல்னு சொல்லிரவா? புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு.”

எனக்கு ஒப்பவில்லை. கேபிடல் என்றால் தூணின் தலை. நம் தூணில் குடம், இதழ், பலகை என்று தலைப்பகுதி தனியாகவே இருக்கிறது. போதிகை அதற்கு மேல் உட்காரும் வேறு உறுப்பு. கார்பெல் என்றால் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கல் நினைவுக்கு வரும். இங்கே சுவரே இல்லை. என் ஓட்டு பிராக்கெட்டுக்கு. கருங்கல் எவ்வளவு அமுக்கினாலும் தாங்கும், வளைத்தால் தாங்காது. இரண்டு தூணுக்கு நடுவே நீளமாகக் கிடக்கிற கல் உத்திரம் அடிப்பக்கம்தான் முதலில் விரிசல் விடும். போதிகை இரு பக்கமும் கை நீட்டினால் அந்த இடைவெளி குறைகிறது. பிராக்கெட் என்று சொன்னால் தாங்குகிற வேலையாவது காதில் விழும். சில புத்தகங்களில் ‘பிராக்கெட் கேபிடல்’ என்று இரண்டையும் ஒட்டுப்போட்டிருப்பார்கள். பஞ்சாயத்துத் தீர்ப்பு மாதிரி, யாருக்கும் மனவருத்தம் இல்லை.

ஆனால் அழகு போதிகையின் நுனியில் இருக்கிறது. பல்லவர் காலத்தில் அலை அலையாக வளைத்து முடித்தார்கள். நாயக்கர் காலத்தில் அங்கிருந்து ஒரு காம்பு கீழே வளைந்து, கவிழ்ந்த வாழைப்பூவாகத் தொங்குகிறது. மடல் மேல் மடலாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு பாரத்தையும் அது சுமக்கவில்லை. உளி கொஞ்சம் தவறியிருந்தால் போயிருக்கும். “இதுக்கு?” என்றான். வாழைப்பூவுக்கு ஆங்கிலம் இருக்கிறதே, அதைச் சொல்லிக் கையைக் காட்டு, போதும் என்றேன்.

கோபுரத்துக்கு ‘டவர்’ என்று மனப்பாடம் செய்திருந்தான். அப்படியானால் கருவறை மேலிருக்கும் வட்ட வடிவச் சோமசந்த விமானத்தை என்ன சொல்வான்? கோபுரம் வாசல், அதனால் ‘கேட்வே’. உயரத்தைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

“சரிண்ணே, பதினெட்டாம்படி?”

நல்ல கேள்வி. அந்தக் கோபுரவாசலில் பூட்டிய கதவுதான் கருப்பசாமி. உருவச்சிலை கிடையாது, சந்தனம் சாத்துவது கதவுக்கு. வழக்கு முற்றினால் ஊர்க்காரர்கள் சத்தியம் செய்ய வருவதும் அதன் முன்னால்தான். உள்ளே போக விடாத வாசலை ‘கேட்வே’ என்பதா என்று இழுத்தான். வாசலாக இருப்பதால்தானே அங்கே காவல் தெய்வம் நிற்கிறது? ‘டவர்’ என்று ஆரம்பித்தால் கருப்பசாமி கதைக்கு வழியே கிடைக்காது.

வெளியே பிரசாத தோசை வாங்கினோம். நல்ல கனம், மிளகு வாசம். ஒரு வாய் தின்றுவிட்டு, “பேன்கேக்?” என்றான். தோசையைப் பிடுங்கிக்கொண்டேன்.