மத்தைக் கடைந்த கதை

அம்மாவின் கீரை மத்து கழுத்தில் உடைந்துபோனது. பாட்டி காலத்துப் பொருள் என்றெல்லாம் பெருமை இல்லை, ஏதோ திருவிழாக் கடையில் வாங்கியதுதான். ஆனால் மிக்ஸியில் ஓட்டினால் அது கீரைக் கூழ், கடைசல் இல்லை என்பதில் அம்மா உறுதி. கடையில் கிடைத்ததெல்லாம் ஒன்று கனமாக இருந்தது, இல்லையென்றால் வார்னிஷ் வாடை. சரி, பெங்களூரில் இருந்துகொண்டு சென்னபட்டணம் போகாமல் இருப்பதா என்று ஒரு சனிக்கிழமை காலை மைசூர் ரயிலில் ஏறிவிட்டேன்.

பெங்களூரிலிருந்து 60 கிலோமீட்டர்தான். மரப்பொம்மை ஊர். திப்பு சுல்தான் பாரசீகத்திலிருந்து ஆள் வரவழைத்துக் கற்றுக்கொடுத்த தொழில் என்று சொல்கிறார்கள். நெடுஞ்சாலைக் கடைகளில் ஆடுகுதிரையும் ரயில்வண்டியும் குவிந்து கிடக்கும், அங்கே நிற்காதீர்கள். ஊருக்குள் சந்துகளில் நுழைந்தால் லேத் சத்தமே வழிகாட்டும்.

நான் நுழைந்த பட்டறையில் இரண்டு கடைசல் எந்திரங்கள், முழங்கால் உயரத்துக்கு மரச்சுருள். பட்டறைக்கார பாய்க்குக் கன்னடமும் உருதும், எனக்குத் தமிழும் அரைகுறைக் கன்னடமும். மத்துக்குக் கன்னடத்தில் 'கடகோலு', அது வேண்டும் என்றேன். உடுப்பி கிருஷ்ணன் கையில் இருக்குமே, அதுவா என்று கேட்டார். அது வெண்ணெய் கடையும் மத்து, தலையை இதழ் இதழாக அறுக்க வேண்டும். கீரை மத்துக்கு அந்த வேலை இல்லை, அடி தட்டையாக ஒரு குமிழும் நீளக் காம்பும் போதும். பேப்பரில் வரைந்து காட்டினேன். நானே செய்து பார்க்கலாமா என்று கேட்டதும் சிரித்துவிட்டு, துப்பட்டாவை முதலில் கழற்றி வைக்கச் சொன்னார்.

மரம் அவர்கள் பேச்சில் 'ஆலெ மர'. நம்முடைய ஆலமரம் இல்லை, வெட்பாலை! அதன் இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் ஊதாவாக மாறுமே, தோலுக்குப் பூசுவார்களே, அதே மரம். தந்தம் மாதிரி வெளுப்பு, நெருக்கமான இழை. முகர்ந்து பார்த்தேன், வாடையே இல்லை.

கட்டையின் ஒரு முனையை எந்திரத்தின் குழிக்குள் சுத்தியலால் அடித்து இறுக்கினார், மறுமுனையை ஒரு கூர்முனை தாங்கிக்கொண்டது. மோட்டார் ஓடியதும் சதுரக் கட்டை புகைமூட்டம் போலத் தெரிந்தது. உளியை எதிரில் உள்ள தாங்கியில் அழுத்தி வைத்து, மெல்ல மெல்ல மரத்திடம் கொண்டுபோக வேண்டும். நான் நேரே குத்தினேன். டக்! கட்டை குழியிலிருந்து பிடுங்கிக்கொண்டு சுவரில் போய் விழுந்தது. "நிதானா அம்மா, நிதானா" என்றார் பாய், மாவு பிசையும் பிள்ளையிடம் பேசுகிற குரலில்.

இரண்டாவது கட்டையில் குமிழ் ஒழுங்காக வந்தது. காம்புதான் பாடாய்ப் படுத்தியது. மெலிய மெலிய நடுவில் அதிர ஆரம்பித்து, வழவழப்பாக வரவேண்டிய இடமெல்லாம் வரிவரியாகிவிட்டது. பாய் இடது கைவிரல்களைக் காம்புக்குப் பின்னால் அணையாகக் கொடுத்து, வலது கையால் உளியை ஓட்டினார், அதிர்வு அடங்கிவிட்டது. (நான் முயலவில்லை, எனக்கு விரல்கள் வேண்டும்.) ஆகவே காம்பின் பாதி அவருடையது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம்தான் நான் பார்க்க வந்த வித்தை. மஞ்சள் நிற அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின் மேல் வெறுமனே அழுத்துகிறார். உரசுகிற சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் ஏறிக்கொள்கிறது. அடுப்பும் இல்லை, தூரிகையும் இல்லை. மேலே ஒரு தாழை மடலை வைத்துத் தேய்த்தால் கண்ணாடி மாதிரி பளபளப்பு. தலைக்கும் பூசுங்கள் என்றேன். மறுத்துவிட்டார். சூட்டில் ஏறியது சூட்டிலேயே இளகும், கொதிக்கிற சட்டிக்குள் போகிற தலைக்கு அரக்கு கூடாதாம். பிடிக்கு மட்டும் மஞ்சள், தலை வெறும் மரம்.

திரும்பும் ரயிலில்தான் தோன்றியது, கீரையைச் செய்வதும் கடைசல், மத்தைச் செய்வதும் கடைசல். இத்தனை வருஷம் தமிழ் பேசியும் இது உறைக்கவில்லை.

மறுநாள் அரைக்கீரை. அம்மா மத்தை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டிப் பார்த்தாள். "இந்தப் பக்கம் கொஞ்சம் பருமனா இருக்கே?" என்றாள்.

அந்தப் பக்கம் நான் கடைந்தது.