பேரிடர்த் திட்டத்தில் இறந்தவர்களுக்கு ஒரு பக்கம்

உள்ளாட்சி அமைப்புகளின் பேரிடர் மேலாண்மைத் திட்டங்களைத் தேடிப் படிப்பது என்னுடைய சற்று விசித்திரமான பழக்கம். மக்களை வெளியேற்றும் வழிகள், நிவாரண முகாம்கள், குடிநீர், படகுகள் என்று பக்கம் பக்கமாக விவரிக்கும் திட்டங்கள்கூட, நூற்றுக்கணக்கானோர் ஒரே நாளில் இறந்துபோனால் என்ன செய்வது என்ற இடத்தில், உடல்களை விரைவாக அடக்கம் செய்ய வேண்டும் என்பதோடு முடித்துக்கொள்கின்றன.

அந்த விரைவைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். உடல்கள் கிடந்தால் கொள்ளைநோய் பரவும் என்ற அச்சமே அவசரத்துக்குக் காரணம். ஆனால் நிலநடுக்கத்திலும் வெள்ளத்திலும் இறப்பவர்கள் காயத்தாலும் மூச்சுத்திணறலாலும் இறக்கிறார்களே தவிர, தொற்றுநோயால் அல்ல. காலரா, எபோலா போன்ற நோய்களால் நேரும் மரணங்களுக்குத் தனி எச்சரிக்கை தேவை; மற்றபடி உடல்களைக் கையாளும் பணியாளர்களுக்குக் கையுறையும் காலணியும் கைகழுவும் வசதியும்தான் முக்கியம். உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவைச் சங்கமும் இணைந்து 2006-இல் வெளியிட்ட களக் கையேடு இதைத் தெளிவாகவே சொல்கிறது. அப்படியிருந்தும் 2010-இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு, ஏராளமான உடல்கள் லாரிகளில் ஏற்றப்பட்டு, யார் எவர் என்ற பதிவே இல்லாமல் பெருங்குழிகளில் போடப்பட்டன.

அடக்கம் காத்திருக்கலாம், அடையாளம் காத்திருக்காது. வெப்பமான பகுதிகளில் 12 முதல் 48 மணி நேரத்துக்குள் முகம் அடையாளம் தெரியாதபடி மாறிவிடும். ஆகவே தடயவியல் நிபுணர்கள் வந்துசேரும் முன்பே உள்ளூர் நிர்வாகம் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: ஒவ்வோர் உடலுக்கும் ஓர் எண். இடத்தின் பெயர், மீட்புக் குழு, வரிசை எண் மூன்றும் அடங்கிய அந்த எண்ணை நீரில் அழியாத அட்டையில் எழுதி உடலோடும் பையோடும் கட்ட வேண்டும். அந்த எண் தெரியும்படி படம் எடுக்க வேண்டும். உடலோடு கிடைத்த நகை, பை, செல்பேசி ஆகியவற்றுக்கும் அதே எண்ணையே இட வேண்டும். இதற்கான பதிவேட்டை யார் வைத்திருப்பார், அவர் வர முடியாவிட்டால் அவருக்குப் பதில் யார் என்பதைப் பதவிப் பெயரோடு எழுதாத திட்டத்தைத் திட்டமாக நான் கருதுவதில்லை.

அடுத்து இடம். உடல்களை 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். குளிரூட்டப்பட்ட கன்டெய்னர் ஒன்றில் ஏறத்தாழ 50 உடல்களை வைக்கலாம் என்கிறது அக்கையேடு. கன்டெய்னரை யாரிடம் பெறுவது, டீசலுக்கு யார் பணம் தருவது என்பவற்றை முன்கூட்டியே ஒப்பந்தமாக்கிக்கொள்ள வேண்டும். குளிர்வசதிக்கு வழியே இல்லையென்றால், நீர்நிலைகளிலிருந்து விலகிய நிலத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், எண்ணும் வரைபடமும் வைத்துத் தற்காலிகமாகப் புதைக்கலாம். பள்ளிக்கூடங்களை மட்டும் தவிர்க்க வேண்டும். 2023 ஜூனில் ஒடிசாவின் பாலசோர் அருகே நடந்த ரயில் விபத்தில் இறந்தவர்களின் உடல்கள் பஹனாகா பள்ளியில் கிடத்தப்பட்டன. பிறகு மாணவர்கள் உள்ளே நுழையவே அஞ்சியதால் அந்தக் கட்டடத்தை இடிக்க வேண்டியதாயிற்று.

உறவினர்கள் முகம் பார்த்துச் சொல்வதை மட்டும் நம்பி உடலை ஒப்படைப்பது ஆபத்தானது. அதிர்ச்சியில் இருப்பவரின் கண் தவறு செய்யும். அந்த விபத்துக்குப் பிறகும் ஒரே உடலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் உரிமை கோரின. விரல் ரேகை, பல் அமைப்பு, டிஎன்ஏ ஆகிய மூன்றையுமே இன்டர்போல் முதன்மை அடையாளங்களாக ஏற்கிறது. அதற்காக எதையும் செய்யலாம் என்றும் பொருளில்லை. 1989-இல் லண்டனில் தேம்ஸ் ஆற்றில் மார்ஷியோனெஸ் படகு மூழ்கி 51 பேர் இறந்தபோது, ரேகை எடுப்பதற்காகப் பலருடைய கைகள் வெட்டி எடுக்கப்பட்டன. குடும்பங்களுக்கு அது பின்னர்தான் தெரியவந்தது. நீதிபதி கிளார்க் தலைமையிலான விசாரணை 2001-இல் இந்நடைமுறையையும் ஆராய்ந்து அறிக்கை அளித்தது. உடலில் என்ன செய்யப்படும் என்பதைக் குடும்பத்தாரிடம் முன்னதாகச் சொல்லும் பொறுப்பும் ஓர் அலுவலரின் பெயரில் இருக்க வேண்டும்.

யாரும் உரிமை கோராத உடல்கள் கடைசியில் உள்ளாட்சியின் கையில்தான் வந்து நிற்கும். பாலசோர் விபத்தில் அப்படி எஞ்சிய 28 உடல்களை நான்கு மாதங்களுக்குப் பிறகு புவனேசுவர் மாநகராட்சி தகனம் செய்தது. என் கருத்தில், அடையாளம் தெரியாத உடலை எரிக்காமல் எண்ணிட்டுப் புதைப்பதே சரி; பல ஆண்டுகள் கழித்து ஒரு குடும்பம் தேடி வந்தாலும் மறுபரிசோதனைக்கு வழி இருக்கும். அதற்கான நிலத்தையும், டிஎன்ஏ மாதிரிகளை எத்தனை ஆண்டுகள் யார் பாதுகாப்பது என்பதையும் பேரிடர் வருவதற்கு முன்பே மன்றத் தீர்மானமாக நிறைவேற்றி வைக்கலாம்.