வெட்டுவதற்கென்றே எடுக்கப்பட்ட பாடல்கள்

சேலத்தில் ஏற்காடு சாலை வழியே போகும்போது மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய படப்பிடிப்பு நிலையத்தின் நுழைவாயில் வளைவைப் பார்க்கும் எவருக்கும், கதையோடு ஒட்டாத நடனக் காட்சி என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. நம் பழைய படங்களில் அத்தகைய காட்சிகள் கூட்டத்தை இழுப்பதற்காகச் சேர்க்கப்பட்டன. ஹாலிவுட்டில் லீனா ஹார்ன் என்ற கறுப்பினப் பாடகிக்கு அவை தரப்பட்ட காரணமோ வேறு. வெள்ளையர் நடித்த படங்களில் அவர் ஒரு தூணருகே நின்று ஒரு பாட்டைப் பாடிவிட்டுப் போய்விடுவார். கதைமாந்தர் எவருடனும் அவருக்குப் பெரும்பாலும் பேச்சே இராது. அமெரிக்கத் தென்மாநிலத் திரையரங்குகள் கறுப்பினப் பெண்ணைத் திரையில் காட்ட மறுத்தால், அந்தப் பகுதியை மட்டும் கத்தரித்துவிட்டுக் கதை குலையாமல் படத்தை ஓட்டலாம் என்பதே ஏற்பாடு.

1917இல் புரூக்ளினில் பிறந்த லீனா, வெள்ளையர் மட்டுமே பார்வையாளராக அமர்ந்த நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்த காட்டன் கிளப் என்ற இரவு விடுதியில் 16 வயதில் குழு நடனம் ஆடத் தொடங்கினார். 1942இல் எம்ஜிஎம் என்ற ஹாலிவுட் படநிறுவனம் அவரை நீண்டகால ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது. கறுப்பின நடிகைகளுக்கு வேலைக்காரி வேடத்தைத் தவிர வேறெதுவும் அரிதாகவே கிடைத்த அந்நாளில், அத்தகைய வேடங்களை ஏற்பதில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். என்னைக் கேட்டால், அவர் நடித்த படங்கள் அனைத்தையும்விட அந்த மறுப்பே பெரிய சாதனை. ஏற்கெனவே அவ்வேடங்களால் வயிறு வளர்த்துவந்த கறுப்பின நடிகர்கள் சிலருக்கு அது எரிச்சலூட்டியதையும் குறை சொல்ல முடியாது.

1943இல் முழுக்கக் கறுப்பினக் கலைஞர்களைக் கொண்டு வெளியான ‘கேபின் இன் தி ஸ்கை’, ‘ஸ்டார்மி வெதர்’ ஆகிய இரு படங்களில்தான் அவருக்கு உண்மையான பாத்திரங்கள் அமைந்தன. முதல் படத்தில்கூட, நுரை ததும்பும் குளியல் தொட்டியில் அமர்ந்து அவர் பாடிய பாடல் நீக்கப்பட்டது. பின்னர் ‘ஷோ போட்’ என்ற இசை நாடகக் கதையில் வரும் ஜூலி என்ற கலப்பினப் பெண்ணின் வேடத்துக்கு அவர் ஆசைப்பட்டார். 1946இல் வேறொரு படத்தில் அப்பாத்திரத்தின் பாடலைப் பாடியும் காட்டியிருந்தார். ஆனால் 1951இல் எம்ஜிஎம் அதைப் படமாக்கியபோது, கலப்பினப் பெண்ணாக நடித்தவர் வெள்ளை நடிகையான ஏவா கார்ட்னர்!

திரையுலகம் கைவிட்டபின் அவர் இரவு விடுதி மேடைகளிலும் தொலைக்காட்சியிலும் பாடினார். 1963இல் கறுப்பினத்தவரின் உரிமைக்காக நடந்த வாஷிங்டன் பேரணியிலும் நின்றார். 1981இல் நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் அவர் தனியொருவராக நடத்திய இசை நிகழ்ச்சி 333 முறை அரங்கேறியது. 2010இல் அவர் மறைவதற்கு 16 ஆண்டுகளுக்கு முன், எம்ஜிஎம்மின் பழைய இசைப் படக் காட்சிகளைத் தொகுத்து வெளியான ஆவணப்படத்தில் அவரே தோன்றி, அந்நிறுவனம் தம்மை நடத்திய விதத்தைச் சொன்னார். நீக்கப்பட்ட அந்தக் குளியல் தொட்டிப் பாடலும் அதே படத்தில் இடம்பெற்றது.