மூடல் காலத்தில் கேபிள் ஒழுங்கு: டர்பன் ஆலை ஒன்றில் செய்த வேலையின் வரிசை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஜேக்கப்ஸ், மொபெனி பக்கத்துப் பழைய ஆலைகளில், கேபிள்களைத் தாங்கும் உலோகத் தட்டான கேபிள் டிரேயை அண்ணாந்து பார்த்தால், பல வருஷமாக ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக் குவித்த கேபிள்தான் தெரியும். எதில் மின்சாரம் ஓடுகிறது, எது எப்போதோ கைவிடப்பட்டது என்று கேட்டால் பதில் இருக்காது. டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி தொடக்கம் வரை ஆலைகள் மூடும் விடுமுறையில்தான் இதில் கை வைக்க முடியும். பேக்கேஜிங் ஆலை ஒன்றில் எங்கள் பராமரிப்புக் குழு அப்படிச் செய்த வேலை இது. கேபிள் பார்வைக்கு நேராக இருந்தால் போதாது. அதற்குக் காற்று, இடைவெளி, அசையக் கொஞ்சம் தளர்ச்சி மூன்றும் வேண்டும். இந்த எண்ணத்தில்தான் ஒவ்வொரு முடிவையும் எடுத்தோம்.

ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போதே அடையாளம் காணும் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். பேனலில் ஒவ்வொரு சர்க்யூட்டிலும் கிளாம்ப் மீட்டர் (கேபிளைக் கவ்விப் பிடித்து கரன்ட் அளக்கும் கருவி) வைத்து ஆம்பியரைக் குறித்து, இரண்டு முனையிலும் ஒரே எண்ணில் தற்காலிக லேபிள் கட்டினோம். இயந்திரம் ஓடாத நேரத்தில் கரன்ட் காட்டாது. அதை வைத்து மட்டும் ஒரு கேபிளைப் பயன்பாட்டில் இல்லாதது என்று முடிவு கட்டக் கூடாது. ஹீட்டர், அவசர விளக்கு, தீயணைப்பு பம்ப் எல்லாம் வருஷத்தில் பெரும்பாலான நேரம் சும்மா கிடப்பவை.

மெயினை அணைத்தபின் ஒவ்வொருவரும் தம் சொந்தப் பூட்டைப் போட்டுச் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொண்டோம். லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) காலத்தில் இங்கே ஆலைக்கு ஆலை ஜெனரேட்டர், யுபிஎஸ், கூரையில் சோலார் என்று சேர்ந்துவிட்டன. மெயின் அணைந்தாலும் கன்ட்ரோல் சர்க்யூட்டுக்கு இன்னொரு வழியில் சப்ளை வந்துகொண்டிருக்கலாம். அதனால் டெஸ்டரை முதலில் சப்ளை உள்ள இடத்தில் வைத்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் வைத்து, மறுபடியும் சப்ளை உள்ள இடத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் கை. மோட்டாரின் வேகம் மாற்றும் டிரைவ்களில் கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் இறங்க, அதன் மேல் அச்சிட்ட நேரம் முழுவதும் காத்திருக்க வேண்டும். கைவிட்ட கேபிளாக இருந்தாலும், இரண்டு முனையும் கழற்றி அதே கேபிள்தான் என்று உறுதியாகும்வரை நடுவில் வெட்டக் கூடாது. வெட்டிய செம்பை அன்றன்றே எடை போட்டுப் பூட்டி வையுங்கள். செம்புத் திருட்டு உள்ள ஊரில் வெளியே கிடக்கும் துண்டு, மீதி கேபிளுக்கும் ஆள் கூப்பிடும்.

பழையதை எடுத்தபின் டிரேயில் நிறைய இடம் கிடைக்கும். அதை உடனே புதுக் கேபிளால் நிரப்பாமல் சூட்டுக் கணக்கைப் போட வேண்டும். தனியாகக் கிடந்தால் 100 ஆம்பியர் தாங்கும் கேபிள் ஆறினை ஒரே கட்டாகக் கட்டி, ஆறும் முழு லோடில் ஓடினால், ஒவ்வொன்றின் திறனும் 57 ஆம்பியராகக் குறைகிறது. அதே ஆறினைத் துளையிட்ட டிரேயில் ஒரே அடுக்காகப் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தால் 73. இந்தக் கணக்கு 30 டிகிரிக்கு. தகரக் கூரைக்கு அடியில், இங்கே கோடைக்காலமான பிப்ரவரியில் 40 டிகிரி என்றால் பிவிசி கேபிளுக்கு இன்னும் 0.87-ஆல் பெருக்க வேண்டும். 73 என்பது 63 ஆகிறது, கட்டாகக் கட்டியது 50-க்கும் கீழே போகிறது. டை போட்டு இறுக்கிய கட்டு பார்க்க லட்சணமாக இருக்கும். உள்ளே நடுக் கேபிளின் இன்சுலேஷன் ஆண்டுக்கணக்கில் வெந்து கடினமாகி, ஒருநாள் வளைக்கும்போது வெடிப்பு விடும். பவர் கேபிள்களை ஒரே அடுக்கில் மட்டும் படுக்க வைத்தோம். அடுக்கு போதாவிட்டால் இன்னொரு டிரே மாட்டினோம்.

டிரே வாங்கும்போது இங்கே கடற்காற்றுதான் பெரிய எதிரி. மெல்லிய ஜிங்க் பூச்சு உள்ள மலிவு டிரே சீக்கிரமே பழுப்பேறும். கடலுக்குப் பக்கத்தில் ஹாட்-டிப் கால்வனைஸ் செய்ததோ, தென்னாப்பிரிக்காவிலேயே உருவான 3சிஆர்12 எஃகோ போடுங்கள். கால்வனைஸ் டிரேயை வெட்டிய ஒவ்வொரு விளிம்பையும் அரம் போட்டு மழுக்கி, ஜிங்க் பெயின்ட் பூச வேண்டும். துரு அங்கேதான் ஆரம்பிக்கும், கேபிள் உறையைக் கிழிப்பதும் அந்த விளிம்புதான். தாங்கிகளை 1.5 மீட்டருக்கு ஒன்றாக வைத்தோம். டிரேயின் இணைப்புகளுக்குக் குறுக்கே எர்த் பட்டையும் போட்டோம்.

கேபிள் உறையில் ஓடும் கோட்டையும் கவனியுங்கள். இங்கே சிவப்புக் கோடு என்றால் தீ பரவலைத் தடுப்பது. நீலம் என்றால் அதோடு ஹாலஜன் வாயுவும் குறைவு. வெள்ளை என்றால் ஹாலஜனே இல்லாதது. ஆட்கள் புழங்கும் மூடிய இடத்துக்கு வெள்ளைக் கோடு கேட்டு வாங்குங்கள்.

டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிளையும் அளவுக் கருவிகளின் 4–20 மில்லிஆம்பியர் சிக்னல், வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிள் கேபிள்களையும் ஒரே டிரேயில் போட்டால் அளவுகள் காரணமில்லாமல் குதிக்கும். குறைந்தது 300 மி.மீ. தள்ளி வைத்தோம், குறுக்கே போக வேண்டிய இடத்தில் 90 டிகிரியில் கடக்க வைத்தோம். டிரைவ் கேபிளின் ஷீல்டை (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) இரண்டு முனையிலும் முழு வட்டமாகப் பிடித்து எர்த் செய்ய வேண்டும். அனலாக் சிக்னல் ஷீல்டுக்குப் பொதுவாக ஒரு முனை மட்டும். ஷீல்டை முறுக்கி ஒரு வாலாக்கி டெர்மினலில் கட்டுவது இங்கே பரவலான பழக்கம், ஆனால் உயர் அலைவரிசை இரைச்சலுக்கு அந்த வால் வழி விடாது.

அதிகப் பிழை நடப்பது, கேபிள் பேனலுக்குள் நுழையும் இடத்தில் அதைப் பிடித்து நிறுத்தும் கிளாண்ட் போடுவதில். எஃகுக் கம்பிக் கவசம் உள்ள ஆர்மர் கேபிளுக்கு முதலில் ஷ்ரவுட் (வெளி மூடி உறை), வெளி நட், உடல் பகுதி எல்லாவற்றையும் கேபிளில் கோர்த்துவிட வேண்டும். கடைசியில் நினைவு வந்தால் எல்லாம் கழற்றி மறுபடி. வெளியுறையை வட்டமாக வெட்டிய பிறகு, ஆர்மர் கம்பிகளை ஹாக்ஸாவால் பாதி ஆழம் மட்டும் கீறி, முன்னும் பின்னும் வளைத்து ஒடிக்க வேண்டும். முழுக்க அறுத்தால் வாள் உள்ளுறைக்குள் இறங்கும். அந்தக் கீறல் வெளியே தெரியாது, மழைக்காலத்தில் எர்த் ஃபால்ட்டாக (மின்சாரம் எர்த்துக்குக் கசிவது) வரும். கம்பிகள் ஒன்றும் விடுபடாமல் கூம்பின் மேல் சுற்றிலும் சமமாக உட்கார்ந்ததா என்று பார்த்து இறுக்குங்கள். எர்த் ஃபால்ட் கரன்ட் அந்தக் கம்பிகள் வழியாகத்தான் திரும்ப வேண்டியிருக்கிறது. பேனல் தகட்டில் பெயின்ட் இருந்தால் சுரண்டுங்கள், அல்லது எர்த் வளையம் போட்டு எர்த் பாருக்கு வயர் எடுங்கள். ஒற்றைக் கோர் கேபிள்களை இரும்புத் தகட்டில் தனித்தனி ஓட்டை வழியாக விடாதீர்கள், தகடு சூடாகும். அலுமினியத் தகடு வையுங்கள். பயன்படாத ஓட்டைகளுக்குப் பிளக் போட்டே தீர வேண்டும், டர்பன் பேனல்களில் பல்லி புகுந்து ஷார்ட் ஆவது புதிதல்ல.

கேபிளைப் பேனலுக்குக் கீழிருந்து ஏற்றுவது நல்லது. மேலிருந்து வந்தே ஆக வேண்டும் என்றால் கிளாண்டுக்கு முன் கொஞ்சம் தொங்கவிட்டால், வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வளைவில் ஆரம், கேபிள் விட்டத்தின் 12 மடங்குக்குக் குறையாமல் வைத்தோம்.

அசையும் இயந்திரங்களில் டிராக் செயினுக்குள் (இயந்திரத்தோடு நகரும், கேபிளைத் தாங்கும் சங்கிலி) சாதாரண கேபிள் போட்டால் சில மாதத்திலேயே உள் இழைகள் அறும். நுண்ணிழைக் கேபிள் வாங்கி, சுருளிலிருந்து உருவாமல் ரீலை உருட்டிப் பிரியுங்கள், இல்லையென்றால் முறுக்கு உள்ளேயே தங்கும். ஒவ்வொரு கேபிளுக்கும் அதன் விட்டத்தில் 10 சதவீதம் இடம் விட்டு, நடுவில் பிரிப்பான் வைத்து, இரண்டு முனையிலும் மட்டும் பிடியுங்கள். செயினுக்குள் டை கட்டவே கூடாது.

தரையில் ரப்பர் ராம்ப் தற்காலிகத்துக்கு மட்டுமே. ஃபோர்க்லிஃப்ட் பாதைக்கு மேலே கேபிள் போனால் அதன் மாஸ்டை (தூக்கும் கம்பம்) முழுக்க உயர்த்தி அளந்து, அதற்கு மேலே எடுங்கள். தரைக்குள் ஓடும் கேபிள் டக்டில் ஜாயின்ட் வைக்காதீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்குத் தெற்கே உள்ள தொழிற்பகுதியான ப்ராஸ்பெக்டன் சமவெளி மூழ்கியதை இங்கே யாரும் மறக்கவில்லை. முனை தண்ணீரில் இருந்தால் இழைகளுக்கு இடையே நீர் வெகுதூரம் ஏறும். வெளியே துடைத்தால் போகாது.

சுவரில் கேபிளுக்காகத் தோண்டிய துளைகளைத் தீத்தடுப்புக் கலவையால் அடைத்த பிறகே சோதனை. டிரைவ்களையும் எலக்ட்ரானிக்ஸையும் கழற்றிவிட்டு 500 வோல்ட் டிசி மெகரில் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) பார்த்தோம். தென்னாப்பிரிக்காவின் மின் நிறுவல் தரநிலையான எஸ்ஏஎன்எஸ் 10142-1 கேட்பது குறைந்தது 1 மெகாஓம். ஆனால் புதுக் கேபிள் 5 மெகாஓம் காட்டினாலும் நாங்கள் விடமாட்டோம், எங்கேயோ ஈரமோ கீறலோ இருக்கும். 2009-ஆம் ஆண்டு மின் நிறுவல் ஒழுங்குமுறைப்படி மாற்றிய பகுதிக்குப் பதிவு பெற்றவரின் இணக்கச் சான்றிதழும் வேண்டும். இரு முனையிலும் பொறித்த லேபிள் மாட்டி, வரைபடத்தைப் பேனல் கதவுக்குள் வைத்தோம்.

ஆலை முழு லோடில் ஓடத் தொடங்கிய சில வாரம் கழித்து எல்லா லக்கையும் (கேபிள் முனையில் கிரிம்ப் செய்து, அதாவது அழுத்திப் பொருத்திய உலோக முனையம்) தெர்மல் கேமராவில் பாருங்கள். மூன்று பேஸில் ஒன்று மட்டும் சூடாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் கிரிம்பிலோ போல்ட்டிலோ தளர்வு; அணைத்து, பூட்டிய பிறகு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். சூடு மீண்டும் வந்தால் லக்கை வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்ய வேண்டியதுதான்.