வாக்யூ கேட்பவருக்குச் சூரை பரிமாறுவது

மாலத்தீவில் ஒரு ரிசார்ட் உணவகத்தில் வேலை பார்க்கிறேன். ஜப்பான் சமையலும் தென் அமெரிக்காவின் பெரு நாட்டுச் சமையலும் கலந்த சாப்பாடு, நிக்கேய் என்பார்கள். கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் மரக்கட்டடம், கீழே விளக்கு போட்டிருப்பதால் குட்டிச் சுறாக்கள் சுற்றுவது தெரியும், மேசைக்கு வந்தவர்கள் முதல் பத்து நிமிஷம் மெனுவைத் தொடவே மாட்டார்கள். தட்டு தூக்குகிற ஆளாகச் சேர்ந்தேன், இப்போது கேப்டன். ஆர்டர் எடுப்பது, ஒவ்வொரு பதார்த்தத்தையும் விளக்குவது, கடைசியில் பில் வைப்பது வரை என் பாடு. ஊரில் யாராவது கேட்டால் ஹோட்டலில் சப்ளையர் என்று சொல்லிவிடுவேன், அதிலும் பொய் ஒன்றும் இல்லை.

தீவுக்கு வருகிறவரைத் தீவில் கிடைப்பதைச் சாப்பிட வைப்பதுதான் இந்த வேலையில் பெரும்பாடு. இவ்வளவு காசு கொடுத்து வருகிறவர்கள் உட்கார்ந்ததும் கேட்பது வாக்யூ என்ற கொழுப்பு ஊடோடிய மாட்டிறைச்சி, சால்மன் மீன், மிசோ என்ற சோயா விழுது தடவிச் சுட்ட பிளாக் காட் மீன். வாக்யூ ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது. சால்மன் நார்வே. பிளாக் காட் அலாஸ்கா பக்கத்துக் கடலில் பிடித்து உறையவைத்து அனுப்பியது. யூசு என்ற எலுமிச்சை வகையின் சாறு ஜப்பான் பாட்டில், மஞ்சள் மிளகாய் விழுது பெரு பாட்டில். இங்கே இருப்பது பவள மணல், தென்னை மட்டும் செழிப்பாக நிற்கும். தொட்டூ என்று ஒரு தீவில் தர்பூசணியும் பப்பாளியும் நன்றாக விளைகின்றன, அப்படிப்பட்ட தீவுகள் குறைவு. வெங்காயம், காய்கறி எல்லாம் வெளியிலிருந்துதான் வர வேண்டும். எங்கள் தூத்துக்குடியிலிருந்து தோணிகளில் வெங்காயமும் கட்டுமானச் சாமானும் தலைநகர் மாலேவுக்குப் போவதைச் சின்ன வயதிலேயே பார்த்தவன் நான், அந்தச் சரக்கு போய்ச் சேரும் இடத்தில் ஒருநாள் சம்பளம் வாங்குவேன் என்று நினைத்ததில்லை. மாலேவிலிருந்து எங்கள் தீவுக்குச் சரக்குப் படகு தனி. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்றுக் காலத்தில் கடல் குமுறினால் படகு பிந்தும். அன்றைக்குச் சாயங்கால பிரீஃபிங்கில் செஃப் வாசிக்கிற 'இன்று இல்லை' பட்டியல் நீண்டுகொண்டே போகும். கீரை வகை இல்லை, அஸ்பாரகஸ் இல்லை, அவகாடோ நாலு பேருக்குத்தான் வரும், கேட்டால் மட்டும் கொடு. இதைக் கேட்டுவிட்டு வெளியே போய்ச் சிரித்த முகத்தோடு 'குட் ஈவ்னிங்' சொல்ல வேண்டும்.

பட்டியலில் ஒருநாளும் சேராத மீன் ஒன்று உண்டென்றால் அது டூனா. நாங்கள் சூரை என்போம், மஞ்சள் துடுப்பு உள்ளதை இங்கத்துக்காரர்கள் கன்னெலி என்கிறார்கள். மாலத்தீவில் டூனாவுக்கு வலை போடக் கூடாது. சின்ன ரகத்தைக் கம்பில் தூண்டில் கட்டி உயிருள்ள சின்ன மீனைத் தூவிப் பிடிப்பார்கள், கன்னெலியைக் கைத்தூண்டிலில் ஒவ்வொன்றாக இழுப்பார்கள். எங்கள் துறைக்கு தோணி வரும் காலையில் செஃபுடன் நானும் போய் நிற்பதுண்டு, அது என் வேலையில் சேராது, ஆசைக்குப் போவது. ஐஸுக்குள்ளிருந்து ஒரு ஆள் எடை மீனை இரண்டு பேர் தூக்கி மரப்பலகையில் போடுவார்கள். செஃப் வாலுக்கு மேலே ஒரு வில்லை வெட்டி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நிறம் மாதுளை மாதிரி தெளிவாக இருக்க வேண்டும், பழுப்புத் தட்டினால் வேண்டாம் என்று தலையாட்டிவிடுவார். பிறகு விரலுக்கிடையில் தேய்த்து, பிசுக்கு இருக்கிறதா என்று பார்ப்பார், அது கொழுப்பு. பெருவின் லீமாவிலிருந்து வந்த மனிதர், அதிகம் பேசமாட்டார், அந்த வில்லையை அப்படியே வாயில் போட்டுக்கொண்டால் வியாபாரம் முடிந்தது என்று தோணிக்காரர்களுக்குத் தெரியும்.

அந்த மீன் ராத்திரி டிராடிட்டோவாக மேசைக்குப் போகும். இதை எப்படி விளக்குவது என்று எனக்கென்று ஒரு கதை வைத்திருக்கிறேன். 1899-ல் சகுரா மாரு என்ற கப்பலில் 790 ஜப்பானியர் பெருவுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போனார்கள். அங்கே மீனை எலுமிச்சைச் சாற்றில் மணிக்கணக்கில் ஊறப்போட்டுச் செவிச்சே செய்துகொண்டிருந்தார்கள். ஜப்பான்காரர்கள் வந்த பிறகு மீனின் பச்சை ருசி கெடக் கூடாது என்று ஊறும் நேரம் நிமிஷக் கணக்குக்கு இறங்கியது. சஷிமி என்கிற ஜப்பான் பச்சை மீன் துண்டு மாதிரி மெலிதாகச் சீவி, வெங்காயம் இல்லாமல், சாற்றைப் பரிமாறும் நேரத்தில் ஊற்றினால் அது டிராடிட்டோ. கூலிக்குப் போன சனத்தின் சாப்பாடு இன்றைக்கு 32 டாலர் தட்டு. இந்தக் கடைசி வரியை விருந்தினரிடம் சொல்வதில்லை. மலையகத்துக்கும் மொரிஷியசுக்கும் கப்பல் ஏறிய எங்கள் ஆட்களின் சாப்பாட்டுக்கு இப்படி ஒரு வெள்ளை மேசைவிரிப்பு எப்போது கிடைக்கும் என்று பாத்திரம் அடுக்கும்போது நினைத்துக்கொள்வதோடு சரி.

கதை கேட்கிறவர்கள் கேட்பார்கள், ஆனால் எல்லாரும் மசிய மாட்டார்கள். டூனா என்றாலே டப்பா மீன் என்று நினைக்கிற ஊர்க்காரர்கள் நிறைய. பக்கத்து மேசைக்கு வாக்யூ கிரில்லோடு புகைந்துகொண்டு வரும்போது நம் கண்ணாடி மாதிரி சீவிய மீன் எடுபடாது.

போன சீசனில் ஈரோட்டிலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். என் பெயர்ப் பட்டையைப் பார்த்துவிட்டு அவர், "தம்பி தமிழுங்களா?" என்றார். "ஆமா சார், தூத்துக்குடி." அப்புறம் மெனு மூடப்பட்டுவிட்டது, எல்லாம் என் பொறுப்பு. அந்த அக்கா சுத்த சைவம். "கத்தரிக்காய்னு ஒண்ணு போட்டிருக்குதே, அதைக் கொண்டாந்துருங்க" என்றார். அதைத்தான் கொடுக்க முடியாது. மீனைக் கொதிக்கக் கொதிக்க வற்றவைத்து எடுக்கிற ரிஹாகுரு என்ற கருப்பு விழுதை, இங்கே வீட்டுக்கு வீடு இருப்பது, எங்கள் செஃப் மிசோவோடு கலந்து கத்தரிக்காயில் தடவிச் சுடுகிறார். பார்வைக்குச் சைவம், உள்ளே முழுக்க மீன். சாஸ், சூப் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு மூலையில் மீன் இருக்கும் சமையல் இது, சைவம் என்று ஒரு மேசை வந்தாலே நான் சமையலறைக்கு இரண்டு தடவை நடப்பேன்.

செஃப் ஒன்றும் சொல்லாமல் இளநீர்க் காய் கேட்டார். விருந்தினர் தலையில் விழக் கூடாதென்று தோட்டக்காரர்கள் அவ்வப்போது இறக்கிவிடுவார்கள், பின்பக்கம் குவிந்து கிடக்கும். வழுக்கையைப் பட்டையாகச் சீவி, எலுமிச்சை, மிளகாய், கொத்தமல்லி, மெலிந்த வெங்காயம், உப்பு. மீன் இல்லாத செவிச்சே. அக்கா ஒரு வாய் எடுத்துவிட்டு, "இது சாத்துக்குத் தொட்டுக்கலாங்க தம்பி, சாதம் இருக்குதா?" என்றார். இருந்தது. ஸ்டாஃப் கேன்டீனில் சோறு இல்லாத நாளே கிடையாது. ஐந்நூறு டாலர் மேசைக்குக் கேன்டீன் சோற்றைக் கிண்ணத்தில் கவிழ்த்துக் கொண்டுபோனேன். செஃபுக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துவிட்டது, இப்போது வழுக்கைச் செவிச்சே மெனுவிலேயே இருக்கிறது, சோறு இல்லாமல்.

இதில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. இந்த நாட்டில் பில்லில் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அது ஊழியர்கள் எல்லாருக்கும் பங்கு. தோட்டக்காரர், படகோட்டி, துணி துவைக்கிறவர், எல்லாரும் மாதக் கடைசியில் அந்தத் தொகையைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள், ஆள் வராத மாதங்களில் அது சுருங்குகிறபோது கேன்டீனில் முகங்கள் வேறு மாதிரி இருக்கும். 180 டாலர் வாக்யூவுக்குப் பதில் 32 டாலர் மீனை விற்றுவிட்டு நான் தீவின் ருசி பேசிக்கொண்டிருந்தால், நஷ்டம் என் ஒருத்தன் பையிலிருந்து போவதில்லை. மேனேஜரும் தலைக்கு எவ்வளவு பில் ஆனது என்ற கணக்கைத்தான் தினமும் பார்க்கிறார், அவரைக் குறை சொல்ல முடியாது.

அதனால் வாக்யூ கேட்பவரிடம் வேண்டாம் என்று சொல்வதில்லை. நல்லது சார், கிரில்லில் இருபது நிமிஷம் ஆகும், அதுவரைக்கும் காலையில் வந்த கன்னெலி கொஞ்சம் எடுத்து வரட்டுமா என்று கேட்பேன். பெரும்பாலும் சரி என்பார்கள், பாதிப் பேர் இன்னொரு தட்டு கேட்பார்கள். பில் கூடுகிறது, மேனேஜருக்குச் சந்தோஷம். வாக்யூ தட்டுதான் பாதிக்குப் பாதி மிச்சத்தோடு திரும்புகிறது, கிரில்லில் நிற்கிற பிலிப்பைன்ஸ்காரர் அதைப் பார்த்துவிட்டு என்னை முறைக்கிறார்.