மகனின் இன்சுலினைக் கருவியிடம் ஒப்படைத்த ஆறு மாதங்கள்

என் மகனுக்கு டைப் 1 நீரிழிவு, அதாவது உடம்பு இன்சுலினைச் சுரக்காத நோய், என்று தெரிந்தபோது அவனுக்கு வயது ஆறு. முதல் வருடம் முழுவதும் இரவு இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து அவன் விரலைக் குத்திச் சர்க்கரை பார்ப்பேன். கையைத் தொட்டால் போதும், கண் திறக்காமலே சுட்டுவிரலை நீட்டிவிடுவான். தூக்கத்தில் ஒரு குழந்தைக்கு அது பழகிப்போயிருந்தது. பிறகு, தோலில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையை விடாமல் அளக்கும் சென்சார் கிடைத்தது. குத்துவது குறைந்தது, என் விழிப்பு குறையவில்லை. முன்பு ஒருமுறை எழுந்தவள், சென்சார் கத்தும்போதெல்லாம் எழத் தொடங்கினேன்.

நாங்கள் இருப்பது லண்டனில், ஹரோ பக்கம். 2023 டிசம்பரில், எந்தச் சிகிச்சையை அரசு மருத்துவத்தில் கொடுக்கலாம் என்று இங்கே பரிந்துரைக்கும் நைஸ் அமைப்பு, டைப் 1 உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் சென்சாரும் இன்சுலின் செலுத்தும் பம்ப்பும் சேர்ந்து தானாக இயங்கும் முறையைக் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. 2024 ஏப்ரலில் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். அதை நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. ஐந்து ஆண்டுகளில் படிப்படியாகக் கொடுத்து முடிப்பதாகத் திட்டம். பரிந்துரை வந்ததும் கருவி வந்துவிடும் என்று நம்பி மருத்துவமனைக்குத் தொலைபேசினேன். வரிசை இருக்கிறது என்றார்கள். மூன்று மாதம் கழித்துக் கேட்டபோது எங்கள் பெயரே பட்டியலில் ஏறவில்லை என்று தெரிந்தது. அன்று நான் அழுதேன். காத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: பெயர் ஏறியதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் முறை வருவதற்குப் பத்து மாதம் ஆயிற்று. அதற்குள் மாவுச்சத்துக் கணக்கு வகுப்பு ஒன்றை முடிக்கச் சொன்னார்கள். அந்த வகுப்பில் ரொட்டி, பாஸ்தா, உருளைக்கிழங்கு எல்லாவற்றுக்கும் படம் இருந்தது. எங்கள் வீட்டில் ராச்சாப்பாடு புட்டு, இடியப்பம். உணவியல் நிபுணரிடம் கேட்டேன். அவர் நேர்மையாக, "எனக்குத் தெரியவில்லை, நீங்கள் அளந்து எனக்கும் சொல்லுங்கள்" என்றார். அன்றிலிருந்து சமையலறையில் தராசு நிரந்தரமாக இருக்கிறது. நூறு கிராம் அரிசி மாவில் ஏறத்தாழ எண்பது கிராம் மாவுச்சத்து. இருநூறு கிராம் மாவில் புட்டு அவித்தால் மொத்தம் நூற்று அறுபது. அவித்து இறக்கிய புட்டை முழுவதுமாக நிறுத்துப் பார்த்து, அவன் தட்டில் விழுவது அதில் எத்தனை பங்கு என்று வகுத்தால் கணக்கு கிடைத்துவிடும். முதலில் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "பிள்ளைக்குப் போடும் சோற்றை நிறுக்கக் கூடாது" என்றார். இப்போது புட்டுக்குழலை இறக்கியதும் அவரே தராசில் வைக்கிறார்.

எங்களுக்குக் கிடைத்தது கேம்ஏபிஎஸ் எஃப்எக்ஸ் என்ற செயலி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ரோமன் ஹொவோர்காவின் குழு பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கியது. ஒரு வயதுக் குழந்தைக்கும் கொடுக்கலாம். தொடங்கும் நாளில் மகனின் எடையையும், ஒரு நாளுக்கு அவனுக்குச் செல்லும் மொத்த இன்சுலின் அளவையும் கேட்டார்கள். மீதியைச் செயலியே நாளடைவில் கற்றுக்கொள்ளும் என்றார் செவிலியர். சென்சார் சர்க்கரை அளவை அனுப்பிக்கொண்டே இருக்கும். செயலி சில நிமிடங்களுக்கு ஒருமுறை கணக்குப் போட்டு, பம்ப் செலுத்தும் இன்சுலினைக் கூட்டும், குறைக்கும், தேவைப்பட்டால் நிறுத்தும்.

ஆனால் இது பாதித் தானியங்கிதான். தோலுக்கு அடியில் செலுத்தும் இன்சுலின் வேலையைத் தொடங்கவே நேரம் எடுக்கும். சாப்பாட்டுச் சர்க்கரை அதை முந்திக்கொள்ளும். அதனால் சாப்பிடுவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பே எத்தனை கிராம் மாவுச்சத்து என்று நாம் சொல்லியாக வேண்டும். கருவி வந்துவிட்டது, இனிக் கணக்கு வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

முதல் இரவு நான் படுக்கவில்லை. ஒன்றே முக்காலுக்கு அளவு 85, அம்புக்குறி கீழ்நோக்கி. (இங்கே மில்லிமோலில் சொல்வார்கள், நம்மவர்களுக்குப் பழகிய மில்லிகிராம் கணக்கில் எழுதுகிறேன்.) ஜூஸ் பொட்டலத்தில் உறிஞ்சு குழாயைக் குத்தி வைத்துக்கொண்டு கட்டிலருகே நின்றேன். திரையில் இன்சுலின் நின்றுபோயிருந்தது. 82. 80. 79. பிறகு கோடு படுத்துக்கொண்டது. மூன்று மணிக்கு 94. அவன் புரண்டு படுத்தான். என் கையிலிருந்த ஜூஸ் வெதுவெதுப்பாகியிருந்தது.

சர்க்கரை இறங்கும்போது கொடுப்பதிலும் பழக்கத்தை மாற்ற வேண்டியிருந்தது. முன்பு பதினைந்து கிராம் சர்க்கரை கொடுப்போம். இப்போது கருவி முன்கூட்டியே இன்சுலினை நிறுத்திவிடுவதால் அதில் பாதியே போதுமாக இருக்கிறது. பழைய அளவில் கொடுத்து முதல் வாரம் பலமுறை 250ஐத் தாண்டவிட்டேன்.

மூன்றாவது வாரம் ஒரு சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு 290, ஏறிக்கொண்டே போனது. செயலி இன்சுலினைக் கூட்டிக்கொண்டே இருந்தது, உடம்பில் இறங்கவில்லை. இன்சுலின் போதாதபோது இரத்தத்தில் சேரும் அமிலமான கீட்டோனைப் பார்த்தேன், 1.8. கை நடுங்கியது. பம்ப்பில் இருப்பது வேகமாக வேலை செய்யும் இன்சுலின் மட்டும். ஊசிக் காலத்தில் இருந்ததுபோல நாள் முழுவதும் தாங்கும் இன்சுலின் பின்னணியில் இல்லை. குழாய் அடைத்தால் சில மணி நேரத்தில் இரத்தம் அமிலமாகத் தொடங்கிவிடும். மருத்துவமனை அவசர எண்ணை அழைத்து, அவர்கள் சொன்ன அளவை இன்சுலின் பேனாவால் போட்டேன். பிறகு, பம்ப்பின் இன்சுலினை உடம்புக்குள் விடும் கேனுலாவை வயிற்றிலிருந்து உரித்தெடுத்தேன். நூல் போன்ற அந்தச் சிறு குழாய் நடுவில் மடிந்து கிடந்தது. புதியதை மறுபக்கம் பொருத்தினோம். மதியம் இரண்டரைக்குக் கீட்டோன் 0.4. செயலி தன் கணக்கைச் சரியாகத்தான் செய்தது, மடிந்த குழாய் அதற்குத் தெரியாது. அன்றிலிருந்து பேனாவும் கீட்டோன் பட்டையும் இல்லாமல் நாங்கள் வாசலைத் தாண்டுவதில்லை.

சர்க்கரை அளவு 70க்கும் 180க்கும் இடையில் நாளின் எழுபது சதவீத நேரத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்பது பொதுவான இலக்கு. ஊசிக் காலத்தில் மகன் 46 சதவீதத்தில் இருந்தான். ஆறாவது மாதச் சந்திப்பில் 72. அந்தத் தாளை மருத்துவர் நீட்டியபோது எனக்கு யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஒன்றுவிட்ட அக்காவின் மகள் நினைவுக்கு வந்தாள். அவளுக்கும் இதே நோய், வயது பதினொன்று. இன்னும் ஊசிதான், விரல் குத்தல்தான். அக்கா இன்றும் இரண்டு மணிக்கு எழுகிறாள். அந்தக் குழந்தையின் உடம்புக்கும் இதே கருவிதான் தேவை. இடையில் நிற்பது விலை. அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

அடுத்த மாதம் பள்ளியிலிருந்து மூன்று நாள் முகாம். போன வருடம் அனுப்ப மறுத்துவிட்டேன். இந்த முறை ஆசிரியைக்கு ஒரு பக்கத்தில் எல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பையில் கேனுலா மூன்று, சென்சார் ஒன்று, பேனா, கீட்டோன் பட்டைகள், ஜூஸ் பொட்டலம் ஆறு. ஏழாவதாக ஒன்றும் வை அம்மா என்கிறான், பக்கத்துக் கட்டிலில் படுக்கப்போகும் நண்பனுக்கு.