கிரில்லை விட்டுக் கதவைப் பாருங்கள்

ஜப்பானிய அமரர் ஊர்தி ஒன்றின் படத்தைக் கண்டதும் பலர் அதை ரோல்ஸ்ராய்ஸ் என்றோ பழைய ஜாகுவார் என்றோ தீர்மானித்துவிடுகிறார்கள். நிமிர்ந்த குரோமியக் கிரில் (முகப்பின் கம்பிச் சட்டம்), உருண்டை விளக்குகள், நீண்ட பானெட் எல்லாம் அப்படித்தான் நினைக்க வைக்கும். ஆனால் வண்டியின் பூர்வீகத்தைக் காட்டிக்கொடுப்பவை முன்கண்ணாடியும் முன்கதவுகளுமே. முகப்பை ஒரு சிறிய பட்டறைகூட வார்த்துப் பொருத்திவிட முடியும். வளைந்த கண்ணாடியையும் கதவுச் சட்டத்தையும் புதிதாகச் செய்வதற்குப் பெரும் செலவாகும் என்பதால், அவை பெரும்பாலும் மூல வண்டியில் இருந்தபடியே விடப்படுகின்றன.

இவ்வகை முகங்களுக்குப் பெயர்பெற்றது ஜப்பானின் டொயாமாவைச் சேர்ந்த மித்சுவோகா கார் நிறுவனம். அது அமரர் ஊர்திகளையும் தயாரிக்கிறது. 1993இல் வந்த அதன் வியூட் என்னும் கார், ஜாகுவார் மார்க் 2 போலத் தோன்றினாலும் உள்ளே இருப்பது நிசான் மார்ச் என்னும் சிறிய கார். 1996இல் வந்த ‘கல்யூ’ காரின் முதல் தலைமுறையோ பழைய ஆங்கிலேயச் சொகுசுக் கார்களை நினைவூட்டும் கிரில்லை அணிந்த நிசான் க்ரூ. க்ரூ டாக்சிக்கென்றே வடிவமைக்கப்பட்ட கார். அதனால் அதன் கூரை உயரமானது, சன்னல் கோடு நேரானது. கம்பீரமான அந்த முகத்துக்குப் பின்னால் டாக்சிக் கதவு தெரிந்தால் அது க்ரூதான் என்பதில் ஐயப்பட வேண்டியதில்லை. பிந்தைய கல்யூக்கள் வேறு கார்களின் மேல் கட்டப்பட்டவை என்பதால், பெயரை மட்டும் அறிந்து நின்றுவிடக் கூடாது.

அடுத்து பக்கவாட்டைப் பார்க்க வேண்டும். சவப்பெட்டிக்கு இடம் வேண்டி உடல் நீட்டப்பட்டிருக்கும். முன்கதவு முடியும் இடத்திலிருந்து பின்சக்கரம் வரை உள்ள தகடு புதிதாகச் சேர்ந்தது என்பதை, கதவின் மடிப்புக்கோடு அதில் தொடராமல் போவதோ லேசாகத் திசைமாறுவதோ சில வண்டிகளில் உணர்த்திவிடும். பின்புறம் மின்னும் எஸ் வடிவக் கம்பி, குதிரை வண்டியின் மடக்குக் கூரையைத் தாங்கிய கீலின் நினைவாக ஒட்டப்பட்ட அலங்காரம். இங்கே மடக்குவதற்கு எதுவும் இல்லை.

தங்க முலாமும் மரச்சிற்பமும் நிறைந்த கோயில்கூரை ஊர்திகளே முன்பு ஜப்பானியத் தெருக்களில் எடுப்பாகத் தெரிந்தன. தகனக்கூடங்களின் அருகில் வசிப்போர் மரணத்தை அன்றாடம் நினைவூட்டும் அக்காட்சியை விரும்பாததாலும், சில தகனக்கூடங்கள் அவற்றை அனுமதிக்க மறுத்ததாலும், மேற்கத்திய பாணி ஊர்திகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. அந்தச் சிற்பிகளின் கைவண்ணம் அருகிவருவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

படத்தில் எண்பலகையும் தெரிந்தால் இன்னும் நல்லது. கட்டணத்துக்கு ஓடும் அமரர் ஊர்திக்குப் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து இருக்கும். அதன் வகை எண் 8இல் தொடங்கும்.